மிகையூட்டிய நான்கு உருளைப் பொறியின் குளிர்விப்பு

மிகையூட்டிய நான்கு உருளைப் பொறியின் குளிர்விப்பு என்பது, சூப்பர்சார்ஜர் எனப் பரவலாக அறியப்படும் மிகையூட்டி பொருத்தப்பட்ட சிறிய தானுந்துப் பொறிகளில் தோன்றும் மிகை வெப்பத்தை வெளியேற்றும் முறைகளைக் குறிக்கும். மிகையூட்டி, வளிமண்டல அழுத்தத்தை விடக் கூடுதலான அழுத்தத்தில் காற்றைப் பொறியினுள் செலுத்துகிறது. காற்றை அழுத்தும்போது அதன் வெப்பநிலையும் உயர்கிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு. அது எரியறையில் எரிபொருள் முறையின்றி வெடித்தெரியவும் காரணமாகிறது. இதனால், சாலையில் ஓடும் தானுந்து ஒன்றின் திறனை உயர்த்த முற்படும்போது எல்லையாக அமைவது பெரும்பாலும் அழுத்தம் அன்று, வெப்பமே ஆகும்.

வரலாறு

காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்தும் கருத்துக்குக் காட்லீப் டைம்லர் 1885 ஆம் ஆண்டில் செருமனியில் காப்புரிமை பெற்றார். இன்றும் பயன்படும் ரூட்ஸ் வகை ஊதி அதற்கும் முந்தையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்னும் உடன்பிறந்தோர் அதற்கு 1860 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். மெர்சிடிஸ் நிறுவனம் 1921 ஆம் ஆண்டு பெர்லின் தானுந்துக் கண்காட்சியில் மிகையூட்டி பொருத்திய இரு தானுந்துகளைக் காட்சிக்கு வைத்தது. இரண்டும் நான்கு உருளைப் பொறி கொண்டவை.

1929 ஆம் ஆண்டில் வெளிவந்த மிகையூட்டிய பென்ட்லி நான்கரை லிட்டர் தானுந்தும் நான்கு உருளைப் பொறியையே கொண்டிருந்தது. அதன் ரூட்ஸ் வகை மிகையூட்டி, கதிர்வீசிக்கு முன்னால் கிராங்க் தண்டின் முனையில் பொருத்தப்பட்டிருந்தது. இடைக்குளிர்விப்பான் எதுவும் இல்லை. கார்புரேட்டர்கள் மிகையூட்டிக்கு முன்னால் அமைந்திருந்ததால், ஆவியாகும் எரிபொருளே காற்றை ஓரளவு குளிர்வித்தது. 1930 ஆம் ஆண்டு லெ மான் 24 மணிநேரப் போட்டியில் கலந்துகொண்ட இவ்வகைத் தானுந்துகள் போட்டியை நிறைவு செய்யவில்லை. மிகையூட்டி இல்லாத, அளவில் பெரிய பொறி கொண்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் அப்போட்டியில் வென்றது.

பிற்காலத்தில் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எல்.கே. 230 கம்ப்ரெசர் (1996), மினி கூப்பர் எஸ் (2002-2006), செவ்ரோலெட் கோபால்ட் எஸ்.எஸ். (2005-2007) ஆகியவை மிகையூட்டிய நான்கு உருளைப் பொறியுடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தன. மினி, கோபால்ட் இரண்டிலும் பின்னர் மிகையூட்டியின் இடத்தை டர்போசார்ஜர் பிடித்தது.

இயங்குமுறை

ரூட்ஸ் வகை மிகையூட்டியில் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு சுழலிகள் உள்ளன. கிராங்க் தண்டின் கப்பியிலிருந்து ஒரு பட்டை இவற்றை இயக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட கன அளவு காற்று தள்ளப்படுகிறது. ஈட்டன் நிறுவனத்தின் எம்45, எம்62 என்னும் பெயர்களில் உள்ள எண்கள், ஒரு சுற்றில் தள்ளப்படும் காற்றைக் கன அங்குலத்தில் குறிக்கின்றன. இவை முறையே சுமார் 0.74 லிட்டர், 1.02 லிட்டர் ஆகும். மினி கூப்பர் எஸ் எம்45 வகையையும், கோபால்ட் எஸ்.எஸ். எம்62 வகையையும் பயன்படுத்தின.

நான்கடிப்புப் பொறி ஒன்று இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறையே தன் முழுக் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கும். எனவே 2 லிட்டர் பொறிக்கு ஒரு சுற்றுக்கு 1 லிட்டர் காற்று போதும். எம்62 மிகையூட்டியைக் கிராங்க் தண்டின் இரு மடங்கு வேகத்தில் சுழற்றினால் அதே நேரத்தில் சுமார் 2 லிட்டர் காற்று தள்ளப்படுகிறது. பொறியால் ஏற்க இயலாத காற்று உள்ளிழு குழாயில் நெருங்கி, அழுத்தம் உயர்கிறது.

மிகையூட்டியின் கப்பியைச் சிறிதாக்கினால் சுழலிகள் இன்னும் வேகமாகச் சுழலும். கப்பியின் விட்டத்தை 15% குறைத்தால் வேகம் சுமார் 18% உயரும். குறைந்த செலவில் திறனைக் கூட்டுவதற்குப் பலர் முதலில் கையாளும் வழி இதுவே. வெப்பச் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது.

வெப்பத்தின் கணக்கு

காற்றை அழுத்தும்போது ஏற்படும் வெப்பநிலை உயர்வு, அழுத்த விகிதத்தையும் மிகையூட்டியின் பயனுறு திறனையும் பொறுத்தது. ரூட்ஸ் வகையின் பயனுறு திறன் பொதுவாக 50 முதல் 60 விழுக்காடு அளவில் இருக்கும். வேகம் கூடும்போது அது குறைகிறது. பின்வரும் கணக்குகளில் வெளிக்காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியசு எனக் கொள்ளப்பட்டுள்ளது.

1. அழுத்த விகிதம் 1.8, பயனுறு திறன் 55%, குளிர்விப்பு இல்லை: மிகையூட்டியிலிருந்து வெளியேறும் காற்று சுமார் 131 பாகையில் இருக்கும். அதன் அடர்த்தி வெளிக்காற்றைப் போல 1.35 மடங்கு.

2. அழுத்த விகிதம் 2.0, பயனுறு திறன் 50%, குளிர்விப்பு இல்லை: காற்று சுமார் 163 பாகையில் இருக்கும். அடர்த்தி 1.39 மடங்கு.

3. அழுத்த விகிதம் 1.8, பயனுறு திறன் 55%, காற்று 60 பாகைக்குக் குளிர்விக்கப்படுகிறது: குளிர்விப்பானில் ஏற்படும் அழுத்த இழப்பைக் கணக்கில் கொள்ளாவிடில், அடர்த்தி 1.64 மடங்கு.

முதல் இரண்டையும் ஒப்பிட்டால், அழுத்தத்தை 11% உயர்த்தியும் பொறிக்குக் கிடைக்கும் காற்று 3% மட்டுமே கூடுகிறது. காற்றின் வெப்பநிலையோ 32 பாகை உயர்கிறது. மாறாக, அழுத்தத்தை மாற்றாமல் குளிர்விப்பை மட்டும் சேர்த்தால் காற்றின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது.

மிகையூட்டியை இயக்கத் தேவைப்படும் திறனும் பொறியிலிருந்தே எடுக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் இயங்கும் 2 லிட்டர் பொறி ஒன்று வினாடிக்கு 0.17 கிலோகிராம் காற்றை ஏற்பதாகக் கொண்டால், மூன்றாவது நிலையில் அக்காற்றை அழுத்துவதற்கு மட்டும் சுமார் 17 கிலோவாட் செலவாகும். இது ஏறத்தாழ 23 குதிரைத்திறனுக்குச் சமம்.

நாக்கிங்

எரியறையில் தீப்பொறி தொடங்கி வைக்கும் சுடர் ஒழுங்காகப் பரவ வேண்டும். சுடர் சென்றடையும் முன்பே எஞ்சிய கலவை தானாகப் பற்றி வெடித்தெரிவது நாக்கிங் எனப்படும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, அழுத்த விகிதம் ஆகியவை உயரும்போது இதன் வாய்ப்பும் உயர்கிறது. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனின் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடையலாம். பிஸ்டனின் தலைப்பகுதி உருகித் துளை விழலாம்.

இதைத் தடுக்கக் கட்டுப்பாட்டுக் கணினி, நாக்கிங் உணரியின் குறிப்பைக் கொண்டு தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. இதனால் பொறி காக்கப்படுகிறது. ஆனால் திறன் குறைகிறது. தாமதமாக எரியும் கலவை கழிவு வாயுவைச் சூடாக்கி, வெளியேற்று வால்வுகளின் சுமையைக் கூட்டுகிறது. குளிரான காலை வேளையில் முழுத் திறன் தரும் தானுந்து நண்பகல் நெரிசலில் மந்தமாவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இடைக்குளிர்விப்பான்

மிகையூட்டிக்கும் எரியறைக்கும் இடையே காற்றைக் குளிர்விக்கும் வெப்பமாற்றி, இடைக்குளிர்விப்பான் அல்லது இன்டர்கூலர் எனப்படும். இது இரு வகைப்படும்.

காற்று-காற்று வகை: அழுத்திய காற்று, வெளிக்காற்றால் நேரடியாகக் குளிர்விக்கப்படுகிறது. எடை குறைவு, அமைப்பு எளிது. மினி கூப்பர் எஸ் தானுந்தில் இது பொறியின் மேல் அமைந்திருந்தது. மூடியில் உள்ள திறப்பின் வழியே காற்று வந்தது. வண்டி ஓடும்போது நன்கு பயன்படும் இவ்வமைப்பு, வண்டி நிற்கும்போது பொறியின் வெப்பத்தையே ஏற்றுச் சூடாகிவிடும்.

காற்று-நீர் வகை: அழுத்திய காற்றின் வெப்பத்தை முதலில் நீர் ஏற்கிறது. மின் இறைப்பி அந்நீரை வண்டியின் முகப்பில் உள்ள மற்றொரு வெப்பமாற்றிக்கு அனுப்புகிறது. கோபால்ட் எஸ்.எஸ். தானுந்தின் எல்.எஸ்.ஜே. பொறியில் குழாய் வடிவ வெப்பமாற்றிகள் உள்ளிழு குழாயமைப்பின் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன. இந்நீர்ச் சுற்று, பொறியைக் குளிர்விக்கும் நீர்ச் சுற்றிலிருந்து வேறானது. பொறியின் நீர் 90 பாகை அளவில் இருப்பதால் அதைக் கொண்டு உள்ளிழு காற்றை 60 பாகைக்குக் குளிர்விக்க இயலாது.

மேற்கண்ட மூன்றாவது நிலையில் காற்றிலிருந்து அகற்ற வேண்டிய வெப்பம் சுமார் 12 கிலோவாட் ஆகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் பாய்ந்தால் அதன் வெப்பநிலை ஒரு சுற்றில் 17 பாகை உயரும். 20 லிட்டர் பாய்ந்தால் 9 பாகைக்கும் குறைவாகவே உயரும். எனவே முகப்பு வெப்பமாற்றியின் பரப்பைப் போலவே இறைப்பியின் ஓட்ட அளவும் முதன்மையானது. நீர்ச் சுற்றில் காற்றுக் குமிழிகள் தங்கினால் ஓட்டம் தடைப்படும். ஆகவே நிரப்பும்போது அவற்றை முற்றாக வெளியேற்றுதல் வேண்டும்.

பொறியின் குளிர்விப்பு

கூடுதலாக எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதி உருளைச் சுவர்களின் வழியே குளிர்விப்பு நீரைச் சேர்கிறது. இதற்கேற்பக் கதிர்வீசியின் தடிமன், விசிறியின் ஆற்றல், விசிறியைச் சுற்றியுள்ள காற்று மறைப்பு ஆகியவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கதிர்வீசிக்கு முன்னால் இடைக்குளிர்விப்பானின் வெப்பமாற்றி நிற்பதால், கதிர்வீசிக்கு வரும் காற்று முன்பே சூடாகியிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள பக்க இடைவெளிகளை அடைத்தால், காற்று அவற்றைச் சுற்றிச் செல்லாமல் ஊடாகவே செல்லும்.

வளிமண்டலத்தை விட 100 கிலோபாசுக்கல் கூடுதலான அழுத்தத்தில் நீர் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். கதிர்வீசி மூடியின் பணி இவ்வழுத்தத்தைக் காப்பதே. எத்திலீன் கிளைக்கால் உறைவைத் தடுக்கிறது. ஆனால் நீரை விட அதன் வெப்பக் கொள்ளளவு குறைவு. ஆகவே உறைபனி இல்லாத இடங்களில் அதன் பங்கைக் குறைத்து, அரிப்புத் தடுப்பானைச் சேர்ப்பதுண்டு. வெப்பநிலைக் கட்டுப்படுத்தியான தெர்மோஸ்டாட்டை அகற்றுவது தீர்வாகாது. அது திறக்கும் வெப்பநிலையை மட்டுமே தீர்மானிக்கிறது. கதிர்வீசி வெளியேற்றக்கூடிய வெப்பத்தின் அளவை அது கூட்டுவதில்லை.

பிஸ்டனின் வெப்பத்தில் ஒரு பகுதியை எண்ணெய் ஏற்கிறது. எல்.எஸ்.ஜே. பொறியில் ஒவ்வொரு பிஸ்டனின் அடிப்புறத்திலும் எண்ணெயைப் பீய்ச்சும் தாரைகள் உண்டு. அதன் வெளியேற்று வால்வுகளின் தண்டினுள் சோடியம் நிரப்பப்பட்டுள்ளது. சுமார் 98 பாகையில் உருகும் சோடியம், தண்டினுள் மேலும் கீழும் அலைந்து வால்வுத் தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது.

பொறியின் உட்பாகங்களும் எரிபொருளும்

மிகை அழுத்தத்தை உயர்த்தும்போது பின்வரும் மாற்றங்கள் வழக்கமாக மேற்கொள்ளப்படுகின்றன.

- வார்ப்புப் பிஸ்டன்களுக்கு மாற்றாக அடித்து உருவாக்கிய பிஸ்டன்கள் பொருத்தப்படும். இவை வெப்பத்தில் கூடுதலாக விரிவடைவதால் உருளைச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி தேவை.
- பிஸ்டன் வளையங்களின் முனை இடைவெளி கூட்டப்படும். இடைவெளி போதாவிடில், சூடான வளையத்தின் முனைகள் மோதி உருளைச் சுவரைக் கீறும்.
- வெப்பத்தை விரைந்து கடத்தும் குளிர் வகை ஸ்பார்க் பிளக்குகள் பயன்படுத்தப்படும்.
- பெரிய எரிபொருள் தெளிப்பான்கள் பொருத்தப்படும். பெட்ரோலை முழுதும் எரிக்கக் காற்று-எரிபொருள் நிறை விகிதம் 14.7 போதும். முழுச் சுமையில் மிகையூட்டிய பொறிகளுக்கு இது 11.5 முதல் 12.5 வரை செறிவாக்கப்படுவதுண்டு. ஆவியாகும் கூடுதல் எரிபொருள் கலவையைக் குளிர்விக்கிறது.
- ஆக்டேன் எண் உயர்ந்த எரிபொருள் பயன்படுத்தப்படும்.

நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தை உள்ளிழு காற்றில் தெளிப்பது மற்றொரு முறையாகும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக 2257 கிலோசூல் வெப்பம் தேவை. இம்முறை இரண்டாம் உலகப் போர்க்கால வானூர்திப் பொறிகளிலும் பயன்பட்டது. தொட்டி வற்றினால் பாதுகாப்பும் நீங்கிவிடும் என்பதால், நீர்மம் தீர்ந்ததும் தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தும் ஏற்பாடு இன்றியமையாதது.

வெப்பத் தேக்கம்

சாலைத் தானுந்துக்கும் பந்தயத் தானுந்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு காற்றோட்டம் ஆகும். சாலையில் வண்டி அடிக்கடி நிற்கிறது. அப்போது மிகையூட்டியின் உலோகக் கூடும் உள்ளிழு குழாயும் பொறியின் வெப்பத்தை ஏற்கின்றன. இது வெப்பத் தேக்கம் எனப்படும். இதைக் குறைக்க மாற்றுவழி வால்வு உதவுகிறது. குறைந்த சுமையில் அது திறந்து, காற்றை மிகையூட்டியின் வெளிவாயிலிலிருந்து உள்வாயிலுக்கே திருப்பி விடுகிறது. அதனால் தேவையின்றிக் காற்று அழுத்தப்படுவதில்லை. உள்ளிழு குழாய்க்கும் உருளைத் தலைக்கும் இடையே வெப்பம் கடத்தா அடைப்புகளை வைப்பதும் உண்டு.

அளவீடு

மாற்றம் செய்த பொறியில் உள்ளிழு காற்றின் வெப்பநிலை, காற்று-எரிபொருள் விகிதம், நாக்கிங் குறிப்பு, தீப்பொறி நேரம் ஆகிய நான்கும் ஒருசேரப் பதிவு செய்யப்படுதல் வேண்டும். ஒரு முறை மட்டும் முழு வேகத்தில் ஓட்டிப் பெறும் அளவீடு போதாது. அடுத்தடுத்த ஓட்டங்களில் தொடக்க வெப்பநிலை உயர்ந்துகொண்டே சென்றால், இடைக்குளிர்விப்பான் ஏற்ற வெப்பத்தை வெளியேற்ற இயலவில்லை என்பது பொருள். அந்நிலையில் கப்பியை மேலும் சிறிதாக்குவதால் பயனில்லை. குளிர்விப்பை முதலில் சீராக்கி, அதன் பின்னரே மிகை அழுத்தத்தை உயர்த்துவது பொறியின் ஆயுளைக் காக்கும் வரிசைமுறை ஆகும்.