19 வயதில் ஒரு வீரனின் விலை

காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றோரம் இருக்கும் ஊர் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்கும் கோயிலுக்கும் காஞ்சிக்கு வருகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. சமண காஞ்சி என்று இதற்குப் பெயர். 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் கூரை ஓவியங்களும் இங்கேதான் உள்ளன. கோயிலில் ஒரு பழைய குரா மரம். தன் அளவிலிருந்து குறையவும் குறையாது, கூடவும் கூடாது என்று அந்த மரத்தைப் பற்றி ஒரு பாடலைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மரத்துக்குச் சரி. 19 வயதுப் பையனை இன்று அளந்து, இவன் இவ்வளவுதான் என்று எழுதி வைக்க முடியுமா? முடியும் என்று நம்பி கோடிக்கணக்கில் பணம் போடும் தொழில் ஒன்று இருக்கிறது. அதற்கு அமெரிக்காவில் வைத்த பெயர் டிராஃப்ட்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரிகள்தான் நாற்றங்கால். நான்கு வருஷம் கல்லூரி அணியில் ஆடுகிறவனை தொழில்முறை அணிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். 1935 வரை யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம். பணக்கார அணிகள் நல்ல பையன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல்லுக்கு இது பொறுக்கவில்லை (அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது!). அவர் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடிக்கிற பையன்களின் பெயரை எல்லாம் ஒரு பலகையில் எழுதுவோம், போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கட்டும், பிறகு அடுத்த அணி, இப்படியே. தேர்ந்தெடுத்த அணியைத் தவிர வேறு யாரும் அவனிடம் பேசக்கூடாது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். போட்டியே இல்லையென்றால் சம்பளத்தை யார் முடிவு செய்வார்கள்?

1936 பிப்ரவரி 8-ம் தேதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. பலகையில் 90 பெயர்கள். முதல் பெயராக ஈகிள்ஸ் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை. அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான். அவரிடம் பேசும் உரிமையை ஈகிள்ஸ் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் வேண்டும் என்றார் பெர்வாங்கர். பேர்ஸ் முதலாளி முடியாது என்றார். பெர்வாங்கர் ஒரு ஆட்டம்கூட தொழில்முறையில் ஆடாமல் ஃபோம் ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். ஆக, டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே வீண்.

அதற்குப் பிறகு அளக்கும் கருவிகள் பெருகின. 40 கஜ ஓட்டம், எகிறிக் குதிப்பது, கை நீளம் என்று வருஷா வருஷம் ஒரு முகாமே போட்டு அளக்கிறார்கள். இவ்வளவு அளந்தும் 2000-ம் வருஷம் டாம் பிரேடி என்ற பையனை 198 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். 40 கஜம் ஓட அவருக்கு 5.28 வினாடி ஆனது, ரொம்ப மெதுவு. பின்னால் அவர் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். ஆட்டத்தைப் படிக்கும் கண்ணை அளக்க ஸ்டாப்வாட்ச் கிடையாதே.

சரி, நம் ஊருக்கு வருவோம். பெர்ட் பெல் யோசனை சொன்ன அதே 1935-ல்தான் இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரோஹிண்டன் பாரியா கோப்பை கிரிக்கெட் தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார்கள். ஆனால் கல்லூரிப் பையனை விலை பேச யாரும் வரவில்லை. வேலை கொடுக்க வங்கியும் கம்பெனியும் வந்தன, அவ்வளவுதான்.

விலை பேசும் காலம் 2008-ல் வந்தது. அந்த பிப்ரவரியில் ஐபிஎல் ஏலத்தில் தோனி 15 லட்சம் டாலருக்குப் போனார். அடுத்த மாதமே மலேசியாவில் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையை வென்று திரும்பியது. இந்தப் பையன்களை ஏலத்தில் விட்டால் பணம் தலைக்கேறிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, இவர்களுக்கு மட்டும் ஏலம் இல்லை, டிராஃப்ட். சம்பளம் முன்கூட்டியே நிர்ணயம். அணிகள் வரிசைப்படி பெயர் சொல்ல வேண்டியது, பையன் போக வேண்டியது.

முதல் வாய்ப்பு டெல்லிக்கு. உலகக் கோப்பையை வென்ற கேப்டன் டெல்லிப் பையன். பெயர் விராட் கோலி. டெல்லி எடுத்தது இன்னொரு டெல்லிப் பையனை, இடது கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை. அடுத்த வாய்ப்பு பெங்களூருக்கு. அவர்கள் கோலியை எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்லி டெல்லியைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. ஆனால் அன்றைய டெல்லி அணியைப் பாருங்கள்: சேவாக், கம்பீர், டிவில்லியர்ஸ், தில்ஷான், ஷிகர் தவான். இதில் இன்னொரு பேட்ஸ்மேனை எங்கே உட்கார வைப்பது? அந்த சீசனில் ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி அணியில் சங்வான் நன்றாகப் பந்து வீசியிருந்தார். அந்த அணிக்கு இருந்த ஓட்டையை அடைக்க அந்தத் தேர்வு சரியானதுதான். முதல் வருஷம் கோலி 13 ஆட்டங்களில் 165 ரன்தான் எடுத்தார். அப்போது யாராவது கணக்குப் பார்த்திருந்தால் பெங்களூர்தான் ஏமாந்தது என்று சொல்லியிருப்பார்கள். எட்டு வருஷம் கழித்து, 2016-ல் ஒரே சீசனில் 973 ரன். டெல்லி அவரது ஆட்டத்தைத் தப்பாக எடை போடவில்லை. அந்த வருஷத் தேவையை வைத்து 18 வருஷத்துக்கான ஆளை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது அதே டிராஃப்டில் ராஜஸ்தானுக்குப் போன ரவீந்திர ஜடேஜாவின் கதை. முதல் வருஷமே கோப்பை ஜெயித்த அணியில் இருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மற்ற அணிகளிடம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை விதித்தார்கள். வேறு எந்த வேலையிலும் இதற்குத் தண்டனை உண்டா? இரண்டே வருஷத்தில், 2012 ஏலத்தில், சென்னை அவருக்குக் கொடுத்தது 20 லட்சம் டாலர். தடையின்போது அவர் எவ்வளவு மலிவாகக் கட்டிப்போடப்பட்டிருந்தார் என்பது அந்த எண்ணைப் பார்த்தால் புரியும். மணிஷ் பாண்டேவும் 2008 உலகக் கோப்பைப் பையன்தான். 2011-ல் அவருக்கும் இதே மாதிரி காரணத்துக்காக நான்கு ஆட்டம் தடை. இந்தியாவுக்கு ஆடாதவர்களுக்கு 10, 20, 30 லட்சம் என்று ரேஷன் கடை போல படி வைத்திருந்த காலம் அது. 2014-ல்தான் அவர்களையும் ஏலத்துக்குள் விட்டார்கள்.

விட்டதும் என்ன ஆயிற்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. இதிலும் முதலில் டிராஃப்ட்தான், தரம் பிரித்து நிர்ணயித்த சம்பளம்தான். 2018-ல் காஞ்சி வீரன்ஸ் என்று காஞ்சிபுரத்தின் பெயரிலேயே ஓர் அணி ஆடியது. ஆட்டம் எல்லாம் சென்னை, நத்தம், திருநெல்வேலியில். காஞ்சிக்காரர்கள் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த லீக்கில் யார்க்கர் போட்டே பெயர் வாங்கிய சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம். ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். மறு வருஷம் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் உட்கார வைத்தது. 2020 முடிவில் அதே ஆள் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

வருண் சக்கரவர்த்தி இன்னும் விசித்திரம். கட்டடக்கலை படிக்கப் போனவர் கிரிக்கெட்டையே விட்டுவிட்டார். கல்லூரியில் வந்து வீரர்களை அளக்கிற அமெரிக்க முறையில் இவர் பெயர் பலகையிலேயே ஏறியிருக்காது. படிப்பு முடித்து, வேலை பார்த்து, டென்னிஸ் பந்தில் ஆடி, வேகப்பந்து போட்டு முட்டியில் அடிபட்டு, அதன் பிறகுதான் சுழற்பந்து. சென்னை நான்காம் டிவிஷனில் ஏழு ஆட்டத்தில் 31 விக்கெட். 2018-ல் மதுரை அணிக்காக டிஎன்பிஎல். அந்த டிசம்பரில் 20 லட்சத்தில் தொடங்கி 8.4 கோடி வரை போனார். முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார், பஞ்சாப் ஒரே ஆட்டத்தோடு அவரை நிறுத்திக்கொண்டது. கொல்கத்தா பாதிக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்து 17 விக்கெட்டைப் பார்த்தது. ஆக ஏலமும் ஒன்றும் தீர்க்கதரிசி இல்லை. டிராஃப்டில் அளவு தப்பினால் நஷ்டம் பையனுக்கு. ஏலத்தில் தப்பினால் பணம் போட்டவருக்கு. வித்தியாசம் அது ஒன்றுதான்.

டிஎன்பிஎல்லும் 2023 பிப்ரவரியில் டிராஃப்டை விட்டு ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம்! உள்ளூர் லீக்கில் ஐபிஎல்லைவிட அதிகச் சம்பளம். மூன்று மாதம் கழித்து, ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார், அதே 20 லட்சத்துக்கு.