பெற்றோர் வழிப் பாலியல் கல்வி

பெற்றோர் வழிப் பாலியல் கல்வி என்பது உடல், பருவ மாற்றம், இனப்பெருக்கம், பாலுறவு, தற்காப்பு ஆகியவற்றைப் பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு அகவைக்கேற்ப எடுத்துரைப்பதாகும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பூப்பெய்துதல் மறைவான செய்தியன்று. அழைப்பிதழ் அச்சிட்டு மஞ்சள் நீராட்டு விழா நடத்துவர். தாய்மாமன் சீர் கொண்டுவருவார். ஆயினும் மாதவிடாய் ஏன் வருகிறது என்பதை அப்பெண்ணுக்கு எவரும் விளக்காமலே விழா முடிந்துவிடுவதுண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அவ்விழாவும் இல்லை. உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இயல்பே என வீட்டில் சொல்லாதபோது, அதனை நோயென அச்சுறுத்தும் வைத்திய விளம்பரங்களே அவர்களுக்கு ஆசிரியராகின்றன. பருவ மாற்றம் பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதிற்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதிற்குள்ளும் தொடங்குவதால், அதற்கு முன்பே பேசுதல் வேண்டும்.

"நான் எப்படிப் பிறந்தேன்?" என்னும் குழந்தைக்குத் "தவிட்டுக்கு வாங்கினோம்" என்பது பழைய விடை. தாயின் கருப்பையில் வளர்ந்தாய் என்பதே சிறு குழந்தைக்குப் போதுமானது. கேள்வி வளர வளர விடையும் வளரலாம்.

பிறப்புறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிக் கற்பித்தல் இன்றியமையாதது. பெயரறியாத குழந்தையால் தனக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்ல இயலாது. இந்திய அரசின் 2007 ஆம் ஆண்டு ஆய்வில், துன்புறுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் எனத் தெரியவந்தது. எனவே விருப்பமில்லாக் குழந்தையை உறவினருக்கு முத்தமிடுமாறு வற்புறுத்துவது தவறான பழக்கமாகும்.

2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத இருபாலரையும் காக்கிறது. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத பெரியவர்கள் தண்டனைக்குரியவர்கள். குடும்ப மானம் அதற்கு விலக்கன்று. சிறார் உதவி எண் 1098 ஆகும்.