பலகை முதல் வாரியம் வரை: ‘போர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் ‘போர்டு’ என்பது மரப்பலகை. அதே சொல் விடுதிச் சாப்பாட்டுக்கும், ஒரு நிறுவனத்தை நடத்தும் குழுவுக்கும், நாடக மேடைக்கும், விமானத்தில் ஏறும் செயலுக்கும் வழங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள். ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எந்த வாழ்க்கைப் பழக்கத்தின் வழியே பிறந்தது என்று தேடினால், ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்று வகுத்த வழியிலேயே பெரும்பாலானவை கிளைத்திருப்பது தெரியும். எஞ்சியவை வேறொரு சொல்லின் வழிவந்தவை.

பழைய ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன. இலக்கணப் பால் மட்டும் வேறு. ஒன்று பலகையைக் குறித்தது. மற்றொன்று ஓரம், விளிம்பு, குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டைக் குறித்தது. பால் வேறுபாடு காலப்போக்கில் மறைந்ததும் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. விளிம்பைக் குறித்த சொல்லின் ஜெர்மானிய இன வடிவம் பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து ‘பார்டர்’ என்ற வடிவில் ஆங்கிலத்துக்கு வந்தது. பலகை என்ற சொல்லோ போர்க்களத்தில் கேடயத்துக்கும் பெயரானது, ஏனெனில் அக்காலக் கேடயம் மரப்பலகைகளால் ஆனது. 937ஆம் ஆண்டு புருனன்பர் போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாடலில், கேடயங்களை நெருக்கி நிறுத்திய அணியைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதி இந்தப் ‘போர்ட்’தான். செய்யப்பட்ட பொருளுக்கு மூலப்பொருளின் பெயரை இடுவது ஆகுபெயரில் எளிய வகை. கேடயத்தில் நடந்தது அதுவே.

கடல் சார்ந்த பொருள்கள் பெரும்பாலும் விளிம்பு என்ற இரண்டாம் சொல்லிலிருந்து வந்தவை. பழைய வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இருக்கவில்லை. அகன்ற துடுப்பு ஒன்று வலப்பக்க விளிம்பில் கட்டப்பட்டிருக்கும். நார்வேயில் 1880இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில் இந்த அமைப்பு இருக்கிறது. கப்பலைத் திருப்பும் பக்கம் என்ற பொருளில் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’ ஆயிற்று. விண்மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுக்கான் பிடிப்பவர் முதுகு காட்டி நிற்கும் இடப்பக்கம் ‘பேக்போர்டு’ எனப்பட்டது. ஜெர்மன் மொழியில் இடப்பக்கத்துக்கு இன்றும் அந்தப் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் இடத்தை ‘லார்போர்டு’ பிடித்தது. புயலிரைச்சலில் ஸ்டார்போர்டும் லார்போர்டும் காதில் ஒன்றுபோலவே விழும். ஆணையைத் தவறாகக் கேட்டால் கப்பல் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அதனால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் லார்போர்டைக் கைவிட்டு, ‘போர்ட்’ அதாவது துறைமுகப் பக்கம் என்ற சொல்லை ஏற்க ஆணையிட்டது.

ஏறுதல் என்ற வினைப்பொருளும் இங்கேதான் பிறந்தது. தொடக்கத்தில் ஒரு கப்பலைப் ‘போர்டு’ செய்வது என்றால், அதன் பக்கவாட்டை நெருங்கித் தாக்கி உள்ளே பாய்வது. பிற்காலத்தில் தாக்குதல் மறைந்து ஏறுவது மட்டும் நின்றது. கப்பலிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து விமானத்துக்கும் அந்த வினை சென்றது. விமானப் பயணி கையில் வைத்திருக்கும் ‘போர்டிங் பாஸ்’ அந்த மரபின் எச்சம்.

பலகை சாப்பாடாக மாறிய கதை வீட்டுக்குள் நடந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பெருவீடுகளில் சாப்பாட்டு மேசை என்று நிலையாக ஒன்று கிடையாது. கால்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் நீண்ட பலகைகளைப் பரப்பி உண்பார்கள். உண்டு முடிந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அதே கூடத்தில் படுப்பார்கள். சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ ஒரு செல்வருடைய வீட்டில் மேசை எப்போதும் போட்டபடியே இருந்ததைத் தனித்துச் சொல்லும் அளவுக்கு அது அரிய வசதி. ஆகவே உண்ணும் இடத்தின் பெயர் பலகை என்றே ஆயிற்று. பிறகு அந்தப் பலகையில் வைத்த உணவுக்கும், பணம் கொடுத்து அந்த உணவைப் பெறும் ஏற்பாட்டுக்கும் அதுவே பெயரானது. தங்கி உண்டு படிக்கும் பள்ளிக்குப் ‘போர்டிங் ஸ்கூல்’ என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. ‘கப்போர்டு’ என்பதும் முதலில் கோப்பைகளை வைக்கும் திறந்த மேசைதான். கதவு போட்ட அலமாரியாக அது மாறியது பின்னர்.

உணவு எடுத்த பின் அதே பலகையைச் சுற்றிப் பேச்சு நடந்தது, கணக்கு நடந்தது, சீட்டாட்டமும் நடந்தது. சூதாடுபவர் கைகளைப் பலகைக்கு மேலே வைத்திருந்தால் களவு இல்லை. அதனால் ‘அபவ் போர்டு’ என்பது ஒளிவுமறைவற்ற நடத்தைக்குப் பெயரானது. இவற்றுள் நீண்ட விளைவு கொண்டது ஆலோசனைப் பலகை. 16ஆம் நூற்றாண்டு முதல் பலகையைச் சுற்றி அமர்ந்தவர்களே ‘போர்டு’ எனப்பட்டார்கள். அரண்மனைச் செலவுக் கணக்கைப் பார்த்த குழுவுக்கு, அவர்கள் மேசையில் விரித்திருந்த துணியை வைத்தே ‘பச்சைத் துணிப் போர்டு’ என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை மேற்பார்வையிட 1784ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் ஒரு ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’ அமைத்தது. இரண்டு ஆண்டுகளில் சென்னையில் வருவாய் வாரியம் வந்தது.

‘போர்டு முடிவு செய்தது’ என்ற வாக்கியத்தை, ‘ஊர் சிரித்தது’ என்பதோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் இடவாகுபெயர் என்பது விளங்கும். ‘கார் அறுத்தான்’ என்ற தொடரில் கருமை மேகத்துக்கும், மேகம் மழைக்காலத்துக்கும், மழைக்காலம் பயிருக்கும் ஆகி வருவதால் அதை மும்மடியாகுபெயர் என்பர். பலகை மேசைக்கும், மேசை உணவுக்கும், உணவு விடுதி ஏற்பாட்டுக்கும் ஆகி வந்த ஆங்கில வரிசை அதே அமைப்பு உடையது. இரு மொழிகளுக்கும் உறவில்லாதபோதும் பொருள் நகரும் முறை இவ்வளவு ஒத்திருப்பது சொற்பொருளியலில் கூடுதலாக ஆராயத்தக்கது.

நவீன காலத்தில் மரம் விலகி வடிவம் நின்றது. காகிதத் தாள்களை ஒட்டிச் செய்த கெட்டி அட்டையும், கணினியின் மின்சுற்றுத் தட்டும் ‘போர்டு’ ஆயின. ‘டாஷ்போர்டு’ 19ஆம் நூற்றாண்டுக் குதிரை வண்டியில், குளம்பு வாரியடிக்கும் சேற்றைத் தடுக்க முன்புறம் பொருத்திய பலகை. கார் வந்தபோது அந்த இடத்தில் அமைந்த கருவிப் பலகைக்கு அப்பெயர் சென்றது. இன்று புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் காட்டும் கணினித் திரைக்கும் அதுவே பெயர்.

தமிழ் இப்பொருள்களைப் பிரித்து ஏற்றது. வகுப்பறையில் கரும்பலகை, கடைவாசலில் பெயர்ப்பலகை என்று பலகைப் பொருள் தமிழ்ச் சொல்லிலேயே அமைந்தது. பேருந்துப் படியில் தொங்குவதற்கு மட்டும் ‘ஃபுட்போர்டு’ நிலைத்தது. 1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, போர்டு ஹைஸ்கூல் ஆகியவை ஊர்ப்பேச்சாயின. குழுப் பொருளுக்குப் பிற்காலத்தில் ‘வாரியம்’ கொள்ளப்பட்டது. சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச்சபையின் குழுக்களைச் சுட்டும் சொல் அது. புதுச்சொல் ஆக்காமல் தகுந்த பழஞ்சொல்லை மீட்டது நல்ல தேர்வு. 1957இல் அமைந்த மின்சார வாரியம் அப்பெயரைப் பெற்றது. 2010இல் அது நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின்னும், மின்கட்டணம் செலுத்துபவர் பேச்சில் அது ‘ஈ.பி.’ என்றே வழங்குகிறது.