பல பயன் பொருள்களின் சுங்க வகைப்பாடு

வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சரக்கும் துறைமுகத்தை விட்டு வெளியேறுமுன் அதற்கு ஓர் எண் தரப்பட்டாக வேண்டும். இந்தியாவில் அது எட்டு இலக்க எண். இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் அந்த எண் ஏறியதும் வரி எவ்வளவு, விலக்கு உண்டா, உரிமம் தேவையா என்பதெல்லாம் பெரும்பாலும் முடிவாகிவிடும். சுத்தியலுக்கோ சைக்கிளுக்கோ எண் கண்டுபிடிப்பது எளிது. அச்சிடவும், நகலெடுக்கவும், ஸ்கேன் செய்யவும், தொலைநகல் அனுப்பவும் கூடிய ஒரே இயந்திரத்துக்கு எந்த எண்? இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்க்கும் சரக்கை வரிப்பட்டியலின் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தீர்மானிப்பதே பல பயன் பொருள்களின் சுங்க வகைப்பாடு.

இதற்கு அடித்தளம் எச்.எஸ். எனப்படும் ஒத்திசைந்த பெயரீட்டு முறை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. 1983-இல் உடன்படிக்கையாக ஏற்கப்பட்டு, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகின் சரக்கெல்லாம் இதில் 21 பிரிவுகளாகவும் 97 அத்தியாயங்களாகவும் வகுக்கப்பட்டிருக்கிறது. 77-ஆம் அத்தியாயம் மட்டும் எதிர்காலத் தேவைக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவின் பட்டியல் 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையாக உள்ளது.

பட்டியலோடு ஆறு பொது விளக்க விதிகளும் உண்டு. முதல் விதியே தலையாயது: தலைப்பின் சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும் சொல்வதே சட்டம். அவை விடை தராதபோதுதான் மற்ற விதிகளுக்குப் போக வேண்டும். ஒரு பொருள் இரண்டு தலைப்புகளுக்குப் பொருந்தினால் மூன்றாம் விதி வருகிறது. அதன்படி, பொதுவாகச் சொல்லும் தலைப்பைவிடக் குறிப்பாகச் சொல்லும் தலைப்பே மேல். காருக்கென்றே வெட்டித் தைத்த டஃப்டட் ஜவுளி விரிப்பு, கார் உதிரிபாகங்களுக்கான 8708-க்குப் போகாமல் விரிப்புகளுக்கான 5703-க்குப் போவது இதனால்தான். அதுவும் உதவாவிட்டால், பொருளுக்கு அதன் அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்று பார்க்க வேண்டும். வேகாத ஸ்பகெட்டி, துருவிய சீஸ், ஒரு சிறிய டின் தக்காளி சாஸ் மூன்றும் ஒரே அட்டைப்பெட்டியில் விற்பனைக்கு வந்தால் பெட்டி முழுவதும் ஸ்பகெட்டியின் தலைப்பான 1902-க்குப் போகும். முடிவெட்டும் மின்கருவி, சீப்பு, கத்தரிக்கோல், பிரஷ், துண்டு எல்லாம் ஒரு தோல் உறையில் வந்தால் மின்கருவியின் 8510 வெல்லும். எந்த வழியிலும் விடை கிடைக்காதபோது, பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரங்களுக்கு வேறொரு சட்டக் குறிப்பும் உண்டு. பதினாறாம் பிரிவின் மூன்றாம் குறிப்பு, பல வேலை செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மையான வேலையைப் பார்த்து வகைப்படுத்தச் சொல்கிறது. ஆனால் எது முதன்மை என்பதை அளக்கும் கோல் எது? விலையா, உதிரிபாகங்களின் எண்ணிக்கையா, வாங்குபவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதா? குறிப்பு அதைச் சொல்லவில்லை. வழக்குகள் இங்கேதான் பிறக்கின்றன.

பல வேலை அச்சுப்பொறியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். ஜெராக்ஸ் இந்தியா நிறுவனம் கொண்டுவந்த இத்தகைய இயந்திரங்கள் கணினியோடு இணையும் அச்சுப்பொறிகளா, 84-ஆம் அத்தியாயத்தில் வேறிடம் பெறாத எஞ்சிய இயந்திரங்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உதிரிபாகங்களிலும் உற்பத்திச் செலவிலும் பெரும்பகுதி அச்சிடும் வேலைக்கே உரியது என்ற கணக்கை ஏற்று, 2010-இல் நீதிமன்றம் அவற்றைக் கணினி சார்ந்த 8471.60-இல் சேர்த்தது. ஏறத்தாழ இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 12 பக்கங்களுக்கு மேல் நகலெடுக்கும் இயந்திரத்தை அது நகலெடுப்பான் என்றே கருதி 6 விழுக்காடு வரி கேட்டது. அச்சுப்பொறியாகக் கருதியிருந்தால் வரியே கிடையாது. 1996-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் அந்த வரியை நீக்கியிருந்தது. ஹியூலெட் பேக்கார்டு உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது: நகலெடுக்கும் வேலை மற்றவற்றுக்குச் சமமானதா, துணையானதா என்று ஒவ்வோர் இயந்திரமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 2010 செப்டம்பரில் ஏற்கப்பட்ட நடுவர் அறிக்கை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக அமைந்தது. இந்த இழுபறி எல்லாம் நடந்தது அலுவலக மேசையில் கிடக்கும் ஒரு சாதாரணப் பெட்டிக்காக.

கேமராவின் கதை இன்னும் விசித்திரமானது. அசையாப் படம் எடுக்கும் டிஜிட்டல் கேமராவுக்கு ஐரோப்பாவில் வரி இருக்கவில்லை. வீடியோ கேமராவுக்கு இருந்தது. இரண்டையும் ஒரே கருவி செய்யத் தொடங்கியபோது எல்லைக்கோடு ஒன்று வரையப்பட்டது. குறைந்தது 800க்கு 600 பிக்சல் தெளிவில், நொடிக்கு 23 சட்டங்கள் வீதம், ஒரே மூச்சில் 30 நிமிடமாவது பதிவு செய்ய முடிந்தால் அது வீடியோ கேமரா. தயாரிப்பாளர்கள் செய்தது எளிய வேலை. 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாகவே நின்றுவிடும்படி கேமராவின் மென்பொருளை அமைத்தார்கள். திருமணத்தையும் கச்சேரியையும் படம் பிடிப்பவர்கள் பல ஆண்டுகள் அந்த அரை மணிக்கு ஒருமுறை பொத்தானை மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. ஒரு வரிக்கோடு பொருளின் வடிவமைப்பையே மாற்றிவிட்டதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் 2015-இல் விரிவாக்கப்பட்டு வீடியோ கேமராக்களின் மீதான வரியும் படிப்படியாக விலகிய பிறகு, அந்த வரம்புக்குக் காரணமும் போய்விட்டது. புதிய கேமராக்கள் பலவற்றில் அது இல்லை.

அதே அளவுகோலை இந்தியா 2012-இல் தன் வரிவிலக்கு அறிவிப்பில் சேர்த்தது. கேனன் இந்தியா இறக்குமதி செய்த கேமராக்களுக்கு விலக்கு தவறாகக் கோரப்பட்டது என்று வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் நோட்டீஸ் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 9-இல் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. காரணம் கேமராவோடு தொடர்பில்லாதது: நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் அந்த இயக்குநரகத்தின் அதிகாரிக்கு இல்லை என்றது தீர்ப்பு. இதே அதிகாரிகள் அனுப்பிய எத்தனையோ நோட்டீஸ்கள் இதனால் ஆட்டம் கண்டன. 2024 நவம்பர் 7-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு சீராய்வில் அந்தத் தீர்ப்பை மாற்றி, அதிகாரம் உண்டு என்றது. ஒரு கேமரா எவ்வளவு நேரம் வீடியோ எடுக்கும் என்ற கேள்வியில் தொடங்கியது, நாட்டின் சுங்க அமலாக்கம் முழுவதையும் தொட்ட வழக்காக வளர்ந்தது.

தேங்காய் எண்ணெய் வழக்கு சுங்கம் சார்ந்ததன்று, கலால் சார்ந்தது. ஆனால் இரண்டிலும் தலைப்புகள் எச்.எஸ். தலைப்புகளே என்பதால் பல பயன் பொருள் பற்றிய பேச்சில் அதை விட முடியாது. சேலம் கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. சிறு பாட்டிலில் அடைத்த சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையலுக்கான 1513-ஆ, தலைமுடிக்கான 3305-ஆ? 2018-இல் நீதிபதிகள் ரஞ்சன் கோகோயும் பானுமதியும் எதிரெதிராகத் தீர்ப்பெழுதினார்கள். 2024 டிசம்பர் 18-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் அது முடி எண்ணெய் ஆகிவிடாது என்றது. தலைக்குத் தேய்க்க விற்கப்படுவது என்பதை லேபிளோ வேறு குறிப்போ காட்ட வேண்டும். ஒரே எண்ணெய் தாளிப்புக்கும் தலைக்கும் போகும் வீடுகள் நிறைந்த நாட்டில் இதுவே நியாயமான முடிவு. அப்போது ஜி.எஸ்.டி.யில் ஒன்றுக்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் முடி எண்ணெய்க்கும் 5 விழுக்காடே என்றானதும், அந்தத் தேதிக்குப் பிந்தைய விற்பனைக்கு இந்தக் கேள்வியால் பண வேறுபாடு ஏதும் இல்லை.

கேமராவிலும் நடந்தது இதுதான். இரு தலைப்புகளின் வரிவிகிதம் வேறுபடும்வரைதான் சண்டைக்கு எரிபொருள் கிடைக்கிறது.

பட்டியலைத் திருத்துவோரிடம் இன்னொரு வழியும் இருக்கிறது: பொருளுக்குப் பெயர் சொல்லித் தனி இடம் கொடுத்துவிடுவது. 2007-ஆம் ஆண்டின் எச்.எஸ். பதிப்பு பல வேலை அச்சுப்பொறிகளை 8443.31-இல் நேரடியாக வைத்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 கணினியா, விளையாட்டுக் கருவியா என்று ஐரோப்பாவில் வழக்கு நடந்து, ஐரோப்பிய ஆணையத்தின் வகைப்பாட்டு ஒழுங்குமுறை 2003-இல் ரத்தானது; 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு வீடியோ கேம் கன்சோல்களுக்கு 9504.50 என்ற சொந்த இடத்தைத் தந்தது. ஸ்மார்ட்போன் கேமரா, வழிகாட்டி, கணினி எல்லாமாக இருந்தும், 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்குச் சட்ட விளக்கம் எழுதி, தொலைபேசிகளோடு 8517.13-இல் அமர்த்தியது. ஸ்மார்ட் கடிகாரத்தை உலகச் சுங்க அமைப்பின் குழு கைக்கடிகாரங்களோடு சேர்க்காமல், தரவை அனுப்பிப் பெறும் கருவிகளின் 8517.62-இல் வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் வரும் புதிய பொருள்களைப் பழைய தலைப்புகளோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

2011 முதல் இந்தியாவில் வரியை முதலில் தானே மதிப்பிடும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. எண் தவறினால் பின்னாளில் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து வரலாம். சிறு வணிகருக்கு இது தாங்க முடியாத சுமை. அதனால் சரக்கு கப்பலேறுமுன்பே முன்தீர்ப்பு கேட்டுக்கொள்வது நல்லது. டெல்லியிலும் மும்பையிலும் 2021 முதல் இயங்கும் முன்தீர்ப்பு ஆணையங்களிடம் இதற்கு மனுச் செய்யலாம். தீர்ப்பு மனுதாரரையும் சுங்கத்துறையையும் கட்டுப்படுத்தும். சட்டமோ உண்மை நிலையோ மாறாவிட்டால் ஒரு குறிப்பிட்ட காலம்வரை அது செல்லும். மனுவோடு தயாரிப்பாளரின் கையேடு, பாகங்களின் விலைப் பிரிப்பு, எந்த வேலை எந்தப் பாகத்தால் நடக்கிறது என்ற விளக்கம் ஆகியவற்றைக் கொடுப்பது பயன் தரும். ஜெராக்ஸ் வழக்கைத் தீர்த்துவைத்ததும் அப்படிப்பட்ட ஒரு கணக்குத்தான்.