சொக்கப்பனைக் கரியும் அயர்லாந்துக் கொள்ளிக்கட்டையும்

கார்த்திகை தீபம் என்றதும் நமக்கு நினைவு வருவது அகல் விளக்கும் திருவண்ணாமலையும்தான். அன்று கோவில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனைக்கு வயலோடும் ஒரு சம்பந்தம் உண்டு.

பனைமரத் துண்டை நட்டு, சுற்றிலும் காய்ந்த பனை ஓலையைக் கட்டிக் கொளுத்துவார்கள். எரிந்து முடிந்ததும் கரியையும் சாம்பலையும் எடுத்துப்போய் வயலில் போடுவார்கள். பூச்சி அண்டாது, விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.

இதே வழக்கம் அயர்லாந்திலும் இருந்தது என்றால் ஆச்சரியமாக இல்லையா? அங்கே ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவு, ஊர்கூடித் தீ மூட்டுவார்கள். விறகை வீடு வீடாகச் சேர்ப்பார்கள். கடைசியில் ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துப்போய் வயலில் போடுவார்கள். மாடுகளைத் தீக்கு அருகே ஓட்டுவதும் உண்டு. (நம் பக்கத்து மைசூர், மண்டியாவில் சங்கராந்தி அன்று மாடுகளைத் தீயைத் தாண்டி ஓட்டுகிறார்கள்!)

யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று தேட வேண்டாம். மாதத்தைப் பாருங்கள். கார்த்திகையில் சம்பா நெல் வயலில் நிற்கும். மழை, பூச்சி இரண்டுக்கும் பயந்த காலம். ஜூனில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். உழைப்பெல்லாம் போட்டாயிற்று, பலன் இன்னும் வீடு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இரண்டு ஊரிலும் தீ எரிகிறது.

காமர்ஸ் படிப்பவனுக்கு இது இன்ஷூரன்ஸ் மாதிரி தெரிகிறது. எல்லோரும் ஓலையோ விறகோ கொடுக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் கரி எடுத்துப் போகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம், நஷ்ட ஈடு கிடையாது! 1845-ல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தபோது எந்தக் கொள்ளியும் காப்பாற்றவில்லை. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். நம் நாட்டில் 2016-ல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. காரிஃப் உணவுப் பயிருக்கு விவசாயி கட்டும் பிரீமியம் 2 சதவீதம். பயம் அதே பயம்தான், வழி மாறியிருக்கிறது.

அதற்காகப் பழசை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு இப்படிப்பட்ட வழக்கங்களை நோட்டில் எழுதி வைத்தார்கள். இன்று அது அந்த நாட்டின் பொக்கிஷம்.

நம் நகரங்களிலும் சொக்கப்பனை எரிகிறது, கரியைக் கொண்டுபோக வயல்தான் இல்லை. எடுத்துப் போனவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தக் கார்த்திகைக்குள் கேட்டு எழுதி வைப்போமே!