கூடாரம் அடிக்க ஓர் இடம்

கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது விடுமுறை அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள், தென்மராட்சியின் பாடசாலை முற்றங்களிலும் மர நிழல்களிலும் தறப்பாளைக் கட்டிக்கொண்டு படுத்த காட்சி நினைவுக்கு வரும். 2009இல் வவுனியா மெனிக் பாமில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக நின்ற கூடாரங்கள் நினைவுக்கு வரும். நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் 'முகாம்' என்ற சொல்லை எத்தனையோ ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். ஒரு தடவையேனும் அது மகிழ்ச்சியான செய்தியொன்றில் இடம்பெற்றதாக ஞாபகம் இல்லை.

ஆகவே, ரொறொன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் மகன், ஆவணி மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கப் போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அங்கு சென்றிருந்தது மார்ச் மாதத்தில். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் பிடிப்பதாயின் ஐந்து மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்யலாம். நல்ல இடங்கள் பதிவு தொடங்கிய காலையிலேயே போய்விடும் என்றார்கள்.

"தம்பி, காசு குடுத்துக் கூடாரத்திலை படுக்கப் போறாங்களாம். நாங்கள் காசில்லாமலே படுத்தனாங்கள்" என்றார் அக்கா.

மருமகன் விடவில்லை. "மாமா, நீங்கள் பேப்பர்காரர். விசாரிச்சு நல்ல இடமாப் பாத்துச் சொல்லுங்கோ. பிள்ளையள் குளிக்க ஏரி வேணும், நடக்கக் காட்டுப் பாதை வேணும். அவ்வளவுதான்" என்றார். கணினியில் ஒரு வரைபடத்தை விரித்தும் காட்டினார். ஏரிக்கரையோரம் வளைந்து வளைந்து செல்லும் சிறு வீதிகள். அவற்றின் இருமருங்கும் இலக்கமிட்ட துண்டுக் காணிகள். எங்கள் ஊர் நில அளவையாளரின் படம்போலவே இருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "உது ஆற்றை காணி?"

யாழ்ப்பாணத்தார் எங்கே போனாலும் கேட்கும் முதற்கேள்வி அதுதான். எல்லோரும் சிரித்தோம். "அரசாங்கக் காணி, அம்மா" என்றார் மருமகன். "அரசாங்கத்துக்கு ஆர் குடுத்தது?" என்றார் அக்கா. அதற்கு அந்த மேசையைச் சுற்றியிருந்த எவரிடமும் பதில் இருக்கவில்லை. நான் பொது நூலகத்துக்குச் செல்லத் தொடங்கியது அக்கேள்வியினாலேதான்.

முதலில் மருமகனின் கேள்விக்கு வருவோம். தங்குவதற்கு இடம் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. முல்லைத்தீவுக் கரையில் பருவத்துக்கு வந்து வாடி அமைக்கும் மீனவர் பார்ப்பவை நான்கு: குடிக்க நல்ல தண்ணீர், மழை வெள்ளம் நிற்காத மேடு, காற்றுக்கு மறைவு, ஏறி இறங்கப் பாதை. கனடாவின் ஏரிக்கரைக்கும் இவையே பொருந்தும். இவற்றோடு வேறு சில சேரும். நீர்விளிம்பை ஒட்டிய பள்ளத்தைவிடச் சற்று உயர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் நுளம்புத் தொல்லை குறைவு. மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை கருஞ்சிற்றீக்கள் கடித்துக் குதறும். பிள்ளைகளோடு போவோர் அதன் பின்னர் போவது நல்லது. பட்ட மரத்தின் கீழ் கூடாரம் அடிக்கலாகாது. கரடி நடமாடும் காடாதலால் உணவைக் கூடாரத்துக்குள் வைக்கலாகாது. மலசலகூடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். ஆனால் பக்கத்தில் இருக்கக்கூடாது. வானொலிப் பெட்டிக்கே தடைபோட்ட பகுதிகளும் உண்டு. பாட்டுக் கேட்காமல் எங்கள் ஆட்களால் சோறு சமைக்க முடியாதென்பதால் அவற்றை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

வளைந்த வீதியும் இலக்கமிட்ட துண்டும் எங்கிருந்து வந்தன? வட அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் காட்டில் தங்கும் மோகத்தைப் பரப்பியவர்களுள் ஒருவர் வில்லியம் முறே என்ற பொஸ்ரன் நகரப் பாதிரியார். நியூயோர்க் மாநிலத்தின் அடிறொன்டாக் மலைகளையும் ஏரிகளையும் பற்றி 1869இல் அவர் எழுதிய நூலைப் படித்துவிட்டு நகரத்தார் கூட்டங்கூட்டமாக அங்கே சென்றனர். ஆயத்தமின்றிச் சென்று மழையிலும் பூச்சிக்கடியிலும் அவதிப்பட்டவர்களைப் பத்திரிகைகள் 'முறேயின் முட்டாள்கள்' என்று கேலி செய்தன.

1920களில் மோட்டார் வாகனம் பெருகியதும் நிலைமை மாறியது. விரும்பிய மரத்தடிவரை வாகனத்தைச் செலுத்திச் சென்று கூடாரம் அடித்தார்கள். சில ஆண்டுகளில் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. காரணத்தை ஆராய்ந்தவர் அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் ஈ. பி. மைனெக்கே. சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்கிவிட, வேருக்கு நீரும் காற்றும் கிட்டாமல் மரம் மெல்லச் சாகிறது என்று கண்டார். 1932இல் அவர் முன்வைத்த தீர்வு எளிமையானது. ஒருவழியாகச் சுற்றிவரும் சிறு வீதி; ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாகனம் நிறுத்த ஒரு கிளை; அதற்கப்பால் செல்லாதபடி கற்களும் மரக்குற்றிகளும்; மேசை, அடுப்பு, கூடாரம் ஆகியவற்றுக்கு நிலையான இடம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்க இளைஞர் படையணிகள் இம்முறையில் முகாம் திடல்களை அமைத்தன. இன்று ஒன்ராறியோவில் மருமகன் காட்டிய வரைபடமும் அதே வகைதான். வருபவர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொள்கிறார்; உண்மையில் அவருக்கு முன்னரே ஒருவர் அதைத் தேர்ந்து, கல் நட்டு வைத்திருக்கிறார்.

அந்தக் கல்லுக்கும் முன்னர் யார் என்பதே அக்காவின் கேள்வி.

மருமகன் மனத்தில் வைத்திருந்தது அல்கொன்குவின் பூங்கா. ரொறொன்ரோவுக்கு வடக்கே மூன்று மணி நேரப் பயணம். இலையுதிர்காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவக்கும்போது எங்கள் தமிழ்க் குடும்பங்களும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்வதுண்டு. சுமார் 7,600 சதுர கிலோமீற்றர் பரப்பும், 2,400க்கு மேற்பட்ட ஏரிகளும் கொண்டது. 1893இல் மாகாணச் சட்டமொன்றினால் உருவானது. காணித் திணைக்கள அலுவலரான அலெக்சாண்டர் கேர்க்வுட் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அதனை வலியுறுத்தி வந்தார். பல ஆறுகளின் தலைநீர் அங்கே பிறப்பதால் காட்டைக் காக்கவேண்டும் என்பது நோக்கம். மரம் வெட்டும் நிறுவனங்கள் தடுக்கப்படவில்லை. இன்றும் பூங்காவின் பெரும்பகுதியில் மரம் வெட்டப்படுகிறது. மர வணிகர் ஜே. ஆர். பூத் அமைத்த புகையிரதப் பாதை 1896இல் பூங்காவினூடாகச் சென்றது. 1930களில் 60ஆம் இலக்க நெடுஞ்சாலை வந்தது. புகையிரதம் நின்றுபோய்விட்டது; தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இன்று பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முகாம் திடல்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையோர ஏரிகளில்தான் உள்ளன.

பூங்காவுக்குப் பெயர் தந்தவர்கள் அல்கொன்குவின் பழங்குடி மக்கள். ஆனால் அந்நிலத்தை அவர்கள் எந்த ஒப்பந்தத்தின் மூலமும் கையளித்ததில்லை என்பதே அவர்களின் நிலைப்பாடு. 1893 சட்டம் பூங்காவுக்குள் வேட்டையையும் பொறிவைத்தலையும் தடை செய்தது. தலைமுறை தலைமுறையாக அதனால் வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் களவு வேட்டைக்காரராயின. அம்மக்களின் மனுக்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில்தான் பேச்சுவார்த்தை மேசை போடப்பட்டது. 2016 ஒக்ரோபரில் கொள்கையளவிலான உடன்படிக்கை கைச்சாத்தானது: 117,500 ஏக்கர் நிலமும் 300 மில்லியன் டொலரும். முதல் மனுவுக்கும் அக்கையொப்பத்துக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது பழைய வரைபடமொன்றில் இன்னொரு பூங்காவின் பெயர் கண்ணில் பட்டது. அது இன்றைய பதிவுப் பட்டியலில் இல்லை. பெயர் இப்பர்வாஷ். ஹூறன் ஏரியின் மணற்கரையில் நூறு ஏக்கரைச் சிறிது தாண்டிய இடம். பல்லாண்டுகளாகக் குடும்பங்கள் கூடாரம் அடித்து நீராடிய கரை அது.

அங்கே ஸ்ரோனி பொயின்ற் என்ற நிலம், 1827ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1928இல் அதன் ஏரிக்கரைப் பகுதி கைமாறியது. 1936இல் மாகாண அரசு அதில் ஒரு பகுதியை வாங்கிப் பூங்கா ஆக்கியது. அங்கே தமது முன்னோரின் புதைகுழிகள் இருப்பதாகவும், அவற்றைக் காக்கவேண்டும் எனவும் 1937இலேயே அம்மக்கள் கேட்டுக்கொண்டனர். எதுவும் நடக்கவில்லை. 1942இல் இரண்டாம் உலகப் போரின்போது மத்திய அரசு எஞ்சிய நிலத்தில் இராணுவப் பயிற்சி முகாம் அமைக்க விரும்பியது. அம்மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தனர். எனினும் போர்க்கால அதிகாரச் சட்டத்தின் கீழ் 2,200க்கு மேற்பட்ட ஏக்கர், ஏக்கருக்கு 15 டொலர் வீதம் எடுக்கப்பட்டது. போர் முடிந்து தேவை தீர்ந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லப்பட்டது. அச்சமூகத்திலிருந்து கனடியப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிடச் சென்றவர்கள் திரும்பி வந்தபோது அவர்களது ஊர் அங்கே இருக்கவில்லை.

போர் 1945இல் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து, 1993இல் சிலர் இராணுவ நிலத்துக்குள் சென்று குடியேறினர். 1995 செப்ரெம்பர் 4ஆம் திகதி, கோடைகாலத்தின் கடைசி விடுமுறையாளர்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு சென்ற மாலையில், அவர்களுள் ஒரு பகுதியினர் பூங்காவுக்குள்ளும் நுழைந்தனர். இரண்டு நாட்களின் பின் இரவில் பொலிசார் முன்னேறினர். 38 வயதான டட்லி ஜோர்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். புதைகுழிகள் பற்றிய 1937ஆம் ஆண்டு ஆவணங்கள் அரசின் கோப்புகளிலேயே இருந்தமை அதன் பின்னரே வெளிவந்தது. நீதிபதி சிட்னி லின்டன் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2007 மே 31ஆம் திகதி தன் அறிக்கையை வெளியிட்டது. ஆக்கிரமித்தவர்களிடம் துப்பாக்கி இருக்கவில்லை என்றும், இராணுவ முகாம் நிலத்தை மத்திய அரசு உடனடியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் அது கூறியது. அவ்வாண்டு இறுதியில் பூங்காவைத் திருப்பிக் கொடுக்க மாகாண அரசு முன்வந்தது. இராணுவ நிலம் தொடர்பான 95 மில்லியன் டொலர் தீர்வு 2016இல்தான் உறுதியானது.

1995 செப்ரெம்பரில் இச்செய்தி எங்கள் வெளிநாட்டுச் செய்தி மேசைக்கு வந்திருக்கக்கூடும். நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பார்த்திருந்தாலும் ஒரு பத்தியில் முடித்திருப்போம். அடுத்த மாதமே எங்கள் சனம் வீதியில் இறங்கிவிட்டது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர்களிடம், பாதுகாப்பு நிலைமை சீரானதும் காணி விடுவிக்கப்படும் என்றுதான் சொன்னார்கள். போர் முடிந்த பின்னும் அது துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டது. சிலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டனர். அந்த மனுக்களையும் பதில்களையும் நான் பத்திரிகையில் எழுதியவன். இப்பர்வாஷ் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அதற்காக மருமகனைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஏரி யாருக்கும் தீங்கு செய்யவில்லை, பிள்ளைகளும் செய்யவில்லை. வெயிலில் வரிசையாக நின்ற கூடாரங்களை மட்டுமே கண்ட ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளைகள், விருப்பத்தோடு கூடாரம் அடித்து, விடிந்ததும் ஏரியில் குதிப்பது எனக்குச் சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

ஊர் திரும்புமுன் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: அல்கொன்குவினில் ரூ றிவேர்ஸ் ஏரியைச் சுற்றியுள்ள திடல்களில், வாகனம் அதிகம் போகாத வளைவின் கடைசித் துண்டாகப் பார். இரண்டு: மேடான இடமா, பட்ட மரம் தலைக்குமேல் இல்லையா என்று போனதும் பார். மூன்று: முதல் நாள் பிள்ளைகளை நீண்ட பாதையில் இழுத்துச் செல்லாதே, பழைய புகையிரதப் பாதை சமதரை, அதில் தொடங்கு. நான்கு: உணவை வாகனத்துக்குள் பூட்டு. ஐந்து: இரவு நெருப்பைச் சுற்றி இருக்கும்போது, இது ஆற்றை காணி என்று அம்மம்மா கேட்டதையும், அதற்கு நான் கண்ட பதிலையும் பிள்ளைகளுக்குச் சொல்.

ஆவணியில் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். நாலு நாளும் நல்ல வெயில் என்றார். அக்காவும் போயிருக்கிறார். கூடாரத்துக்குள் படுக்க மறுத்து வாகனத்துக்குள்ளேயே படுத்தாராம். ஐந்தாவதைச் சொன்னாயா என்று கேட்டேன். "நான் சொல்லேல்லை, மாமா. அம்மாதான் சொன்னவ. எங்கடை காணிக் கதையையும் சேர்த்துச் சொல்லி முடிய விடியப்புறம் ஆகிவிட்டுது" என்றார்.