ஹந்தானை மலையில் வளர்ந்த உயிர்ப்படலம்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியில் அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தைக் காணலாம். 1981 இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது.

பற்றீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியேறுவதே உயிர்ப்படலம். பல்லில் படியும் ஊத்தையும் அதுதான். நோயாளியின் உடலிற் செருகிய குழாயில் படிந்துவிட்டால் மருந்துக்கு எளிதில் மசியாது. அதை உடைக்கத்தான் விஞ்ஞானிகள் இயற்கைப் பெப்டைட்டுகளை நாடுகின்றனர். ஆபிரிக்கத் தவளையொன்றின் தோலில் மகைனின் என்ற பெப்டைட் இருப்பதை 1987 இல் அமெரிக்கரான மைக்கேல் சாஸ்லோஃப் வெளியிட்டார். அறுவைக்குப் பின் அழுக்குநீர்த் தொட்டியில் விட்ட தவளைகளின் காயம் சீழ்பிடிக்காததே அவரை வியக்கவைத்தது.

ஹந்தானையிலோ நேரெதிரான முயற்சி. பேராசிரியர் காமினி செனவிரத்னவின் குழுவினர் பங்கசையும் பற்றீரியாவையும் இணைத்து நன்மைதரும் உயிர்ப்படலத்தை வளர்த்தனர், அதையே பசளையாக்கினர். தேயிலைக்கும் நெல்லுக்கும் இடும் இரசாயனப் பசளையைப் பாதிவரை குறைக்கலாம் என்பது அவர்களது முடிவு. பாதிதான், முழுவதுமல்ல!

2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. கொழுந்தின் நிறையை நம்பிக் கூலி பெறும் மலையகத்தவருக்கு அந்த மாதங்கள் எத்தகையவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. படிப்படியான வழியொன்று கண்டியிலேயே இருந்தது. அதை அப்போது நானும் எழுதவில்லை.